தவராசாவும் நாலரைக் குழலும்

மணிவிழா மலருக்கு எழுதித் தாருங்கள் என்று மலரைத் தொகுக்கிற புவனேசன் கேட்டபோது, "இரண்டு பக்கம், நல்லதாய் நாலு வார்த்தை" என்றுதான் சொன்னார். தவராசாவுக்கு வருகிற மாதம் அறுபது. லண்டனில் எங்கள் குட்மேய்ஸ் பக்கம் அவனை அறியாத தமிழ்க் கடைக்காரர் இல்லை. விளம்பரங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டனவாம், மலர் தடிப்பாக வரும். அவன் மனைவி குமுதாவும் என் மனைவி நகுலேஸ்வரியும் கூடப்பிறந்தவர்கள். நகுலேஸ்வரி மூத்தவள், ஆகவே நான் மூத்த சகலன், ஆகவே முதற்கட்டுரை என்னுடையது.

நல்லதாய் நாலு வார்த்தை எழுதுவது எனக்குச் சின்ன வேலை. இருபத்தேழு வருடம் கவுன்சிலில் பார்க்கிங் பிரிவில் இருந்து, "உங்கள் விண்ணப்பம் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது" என்று, அரைவாசிகூட வாசிக்காத கடிதங்களுக்குப் பதில் எழுதியவன் நான். அதே கையால் "எளிமையானவர், பண்பானவர், எவருக்கும் இல்லையென்று சொல்லாதவர்" என்று எழுதி அனுப்பினால் அலுவல் முடிந்தது. மூன்று தரம் எழுதினேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

காரணம் இதுதான். எனக்கு அவன்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, பத்தொன்பது வருடப் பொறாமை.

அவன் ஜெர்மனியில் இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை செய்துவிட்டு, அங்கிருந்து வருகிற எல்லோரும் சொல்வதுபோல் பிள்ளைகளின் இங்கிலீசுக்காக என்று சொல்லிக்கொண்டு லண்டன் வந்தான். வந்து இரண்டு கிழமை எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். வீட்டைச் சூடாக்குகிற எங்கள் பொயிலர் ஆறு குளிர்காலமாக விடியற்காலையில் இருமிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம், வயதான ஒருவர் வீட்டில் இருப்பதுபோல. தவராசா வந்த நாலாம் நாள் காலை அது இருமவில்லை. நகுலேஸ்வரி குசினியில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு தங்கையின் புருசனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கல்யாணமான நாளில் இருந்து அந்தச் சிரிப்பு எனக்கு விழவில்லை.

அன்று தொடங்கியது. கடைகளின் இரும்பு ஷட்டர் போடுவதும் திருத்துவதுமாக ஒரு வான் வாங்கித் தொழில் தொடங்கினான். இல்ஃபோர்டில் இருந்து எட்மண்டன் வரைக்கும் ஷட்டர் இறுகினால் தமிழனும் குஜராத்தியும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்த்தி என்றால் ஒன்றரை மணித்தியாலம் வான் ஓட்டி எங்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவதும் அவன்தான். என் மகள் சாருஜா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கார் நடுவழியில் நின்றால் எனக்குத் தொலைபேசி எடுக்கமாட்டாள். "சித்தப்பா, ஆர் யூ ஃப்ரீ?" என்று அவனுக்குத்தான் எடுப்பாள். போதாததற்கு, அறுபது வயதிலும் அவன் தலைமயிர் முழுசாக இருக்கிறது. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். மலருக்கு எழுதுகிற மற்றவர்கள் யாரும் இதை எழுதமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது.

தவராசாவுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. இல்லை, இருந்தது. ஜெர்மனியில் சின்ன ஊர்களிலும் துப்பாக்கி சுடுகிற சங்கங்கள் இருக்கின்றனவாம். அவன் வேலை செய்த இடத்து ஆட்கள் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பழகிய பழக்கம் இங்கேயும் விடவில்லை. ஒரு சேர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பழைய மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில், பத்து மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி அட்டையைத் தொங்கவிட்டு, காற்றால் சுடும் பிஸ்டலால் ஈயக் குண்டு சுடுகிற ஒரு கழகம் இருக்கிறது. மற்றக் கைத்துப்பாக்கிகளை இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் வைத்திருக்க முடியாது. பிடிபட்டால் மறியல், வருடக்கணக்கில் உள்ளே. பலம் குறைந்த காற்றுப் பிஸ்டல் மட்டும் பெரியவர்கள் வைத்திருக்கலாம்.

அவன் அதில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டதும் நானும் சேர்ந்தேன். வேறு என்ன செய்வேன்? நகுலேஸ்வரி கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்குச் சுடப் போறியளோ?"

"தவராசாவும்தானே போறான்."

"அவர் அங்கையே பழகினவர். உங்களுக்கு எந்த ஊர்ப் பழக்கம்?"

இந்த ஒரு கேள்விக்காகவே நான் போனேன். அவன் வைத்திருந்த அதே பிஸ்டலை, அதே வகை, அதே கறுப்பு நிறம், தேடி வாங்கினேன். இரண்டும் அஞ்சரை மில்லிமீற்றர்க் குழல். பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. அவன் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டான். "நல்ல சாமான் அண்ணை, சரியாய்ப் பாத்து எடுத்திருக்கிறியள்" என்றான். அவனுடையதைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. நான் நன்றாகச் சுட்டேன். அவன் அளவுக்கு இல்லை, என்றாலும் நன்றாக. மூச்சை அரைவாசியில் நிறுத்தி, அட்டையின் நடுவில் கறுப்பு வட்டத்தைப் பார்க்கிற அந்த இரண்டு விநாடிக்குள் கவுன்சிலும் இல்லை, பொயிலரும் இல்லை, தவராசாவும் இல்லை. ஐம்பது வயது கடந்தபிறகு எனக்கென்று ஒரு கெட்டித்தனம் கிடைத்தது. நான் அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் கழகம் ஒரு லீக்கில் சேர்ந்தது. கழகச் செயலாளர் இசபெல், எழுபது வயது இங்கிலீஷ் மனுசி, ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். அணியில் நாலு பேர். மூன்று இடம் பழைய ஆட்களுக்கு. நாலாவது இடம் ஐப்பசியில் மூன்று செவ்வாய் சுட்டு, மூன்று அட்டைகளின் புள்ளியைக் கூட்டி, யாருக்குக் கூடுதலோ அவருக்கு. அந்த இடத்துக்குப் போட்டியிட நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். இன்னுமொன்று, லீக்கில் நாலரை மில்லிமீற்றர்க் குண்டு மட்டும்தான் சுடலாம். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது அஞ்சரை.

அன்று திரும்பி வரும்போது வானுக்குள் தவராசா சொன்னான்.

"அண்ணை, இதுக்குப் புதுசு வாங்கத் தேவையில்லை. இந்த வகைக்கு நாலரைக் குழல் தனிய விக்கிறாங்கள். குழலையும் குண்டு வைக்கிற துண்டையும் மாத்தினால் காணும். நான் உங்கடையையும் சேர்த்து மாத்தித் தாறன்."

"புதுசு வாங்கினால் என்ன?"

"வாங்கலாம். புதுசு திறம்தான், பொய் சொல்லக்கூடாது. விசை பஞ்சு மாதிரி இருக்கும், உதையாது. ஆனால் பாரம் முன்னுக்கு. இதின்ரை கைபிடி உங்கடை கைக்குப் படிஞ்சிட்டுது. புதுசெண்டால் கை திரும்ப முதலிலை இருந்து படிக்கவேணும். ரெண்டு மாசத்துக்கிடையிலை ஏலாது."

நியாயமான பேச்சு. இன்று எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது வேறு. இவர் பழைய சாமானோடு கிடக்கட்டும் என்கிறான் என்றே விழுந்தது. தன் கையால் திருத்தித் தந்த பிஸ்டலால் நான் வென்றால் அந்த வெற்றியிலும் பாதி அவனுக்குப் போய்விடும் என்றும் விழுந்தது. எங்கள் பொயிலர், எங்கள் கார், இனி என் பிஸ்டலுமா?

அடுத்த கிழமையே புதுசு வாங்கினேன். இத்தாலிச் சாமான். நீலக் கைபிடி, வெள்ளிக் குழல், உள்ளே நுரை பதித்த பெட்டி. கழகத்தில் திறந்தபோது எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். தவராசாவும் பார்த்தான். "அருமை அண்ணை" என்றான். அவன் முகத்தில் பொறாமை வருகிறதா என்று தேடினேன். மருந்துக்கும் இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

அவன் தன்னுடையதுக்கு நாலரைக் குழல் போட்டு, வானுக்குள்ளேயே இருந்து திருத்தி முடித்துவிட்டான். என் பழைய பிஸ்டல் அஞ்சரைக் குழலோடு பரணுக்குப் போனது.

முதல் செவ்வாய் அவன் இருநூற்று எழுபத்தொன்று, நான் இருநூற்று அறுபது. முந்நூறுக்கு. இரண்டாம் செவ்வாய் அவன் இருநூற்று அறுபத்தொன்பது, நான் இருநூற்று ஐம்பத்தெட்டு. அவன் சொன்னது அப்படியே நடந்தது. இத்தாலிச் சாமான் முன்பக்கம் கனத்தது. இருபதாவது சூட்டுக்கு மேல் மணிக்கட்டு நடுங்கியது. இரண்டாம் செவ்வாய் முடிந்து பெட்டியை மூடும்போது இசபெல் என் தோளில் தட்டி, அடுத்த வருடமும் இருக்கிறதுதானே என்றார். ஆறுதல்தான் சொன்னார். எனக்கு அடித்ததுபோல் இருந்தது.

மூன்றாம் செவ்வாய் அந்த வருடம் விசயதசமி.

எங்கள் குடும்பத்தில் சரஸ்வதி பூசை மூத்தவள் வீட்டில்தான். முதல்நாள் திங்கட்கிழமை பின்னேரம் குமுதாவும் தவராசாவும் வந்தார்கள். சாமி அறையில் வெள்ளைத் துணி விரித்து, பிள்ளைகளின் புத்தகங்கள், சாருஜாவின் லாப்டொப், தவராசாவின் ட்ரில், ஸ்பானர்கள் எல்லாவற்றையும் வைத்தோம். நான் இத்தாலிப் பெட்டியைத் திறந்து சரஸ்வதி படத்துக்கு நேர் முன்னால் வைத்தேன், மற்றவர்களின் சாமான்களைக் கொஞ்சம் தள்ளி. தவராசா கடைசியில் ஒரு துவாய்ச் சுருளை, குளிக்கிற துவாயில் சுற்றிய ஏதோ ஒன்றை, கொண்டுவந்தான்.

"இதுவும் ஒரு பக்கத்திலை இருக்கட்டும் அக்கா" என்று நகுலேஸ்வரியிடம் சொன்னான். அவள் அதன் மேல் சந்தனப் பொட்டு வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். பொயிலர் சிரிப்பேதான்.

பூசையில் வைத்ததை மறுநாள் காலை தீபம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் படிக்காமல் இருக்க இதைவிட நல்ல நாள் வேறில்லை. "நாளைக்குப் பின்னேரம் வந்து எல்லாத்தையும் எடுக்கிறன், அப்பிடியே கழகத்துக்குச் சேந்து போவம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

செவ்வாய் காலை நான் லீவு. நகுலேஸ்வரி குசினியில் பொங்கலுக்குக் குக்கர் வைத்திருந்தாள். தீபம் இன்னும் காட்டவில்லை. நான் குளித்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன். கும்பிடத்தான் போனேன். அது உண்மை.

துவாய்ச் சுருள் கண்ணில் பட்டது. மேல் மடிப்பை மட்டும் விலக்கினேன். அந்தக் கறுப்புப் பிஸ்டலின் மேற்பக்கம் தெரிந்தது. குழல் புதிது, அதன் வாய் சின்னன், நாலரை. தவராசாவினது. என்னுடையது அஞ்சரையோடு பரணில் கிடக்கிறது, ஆகவே வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு குழல் மாற்றினான், அவ்வளவுதான். அதற்கு இருநூற்று எழுபத்தொன்று. நான் இத்தாலியில் இருந்து இறக்கி இருநூற்று ஐம்பத்தெட்டு.

பிஸ்டலின் பின்பக்கத்தில், குறி பார்க்கிற தகட்டை மேலே கீழே, இடம் வலம் அசைக்க இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. நகுலேஸ்வரியின் மூக்குக்கண்ணாடி இறுக்குகிற குட்டி ஸ்க்ரூ டிரைவர் மேசை இலாச்சியில் கிடந்தது. எடுத்தேன். ஒன்றைத் திருப்பினேன். மற்றதையும் திருப்பினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு திருகு டக் என்றது, பிறகு வழுக்கிக்கொண்டு சுற்றியது. புரி போய்விட்டது. குசினியில் குக்கர் விசிலடித்தது. துவாயை மூடினேன். என் விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதை நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பகல் முழுக்க எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. இரண்டு தரம் பொங்கல் சாப்பிட்டேன்.

பின்னேரம் அவன் வந்து சாமான்களை வானில் ஏற்றினான். துவாய்ச் சுருளைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினான். கழகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நான் இத்தாலிப் பெட்டியைத் திறக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, குறை நினைக்கக்கூடாது."

துவாயை என் மேசையில் வைத்து விரித்தான். தன்னுடைய பிஸ்டலை வேறொரு பையில் இருந்து எடுத்துத் தன் மேசையில் வைத்தான்.

எனக்கு முன்னால் கிடந்த பிஸ்டலின் கைபிடி அடியில் ஒரு சிராய்ப்பு இருந்தது. ஒருநாள் குசினியில் நான் விழுத்தியபோது பட்ட சிராய்ப்பு.

"அக்காதான் பரணிலை இருந்து எடுத்துத் தந்தவ. நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டனான். நாலரைக் குழல் போட்டிருக்கிறன். உங்கடை பழைய அட்டையளை எல்லாம் இசபெல்லிட்டை வாங்கிப் பாத்தன். நீங்கள் எப்பவும் கொஞ்சம் இடப்பக்கம் கீழை சுடுறனீங்கள். அதுக்கேத்த மாதிரிக் குறியும் வைச்சிருக்கிறன். ரெண்டு கிழமையாய் நீங்கள் அந்தப் புதுசோடை படுகிற பாட்டைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. இதாலை சுடுங்கோ அண்ணை. இதாலை சுட்டால் நீங்கள் என்னை வெல்லுவியள்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். போட்டியில் எதிரே நிற்கிறவன் இரண்டு கிழமை தன் வேலையை விட்டுவிட்டு, நான் எந்தப் பக்கம் பிழைக்கிறேன் என்று என் அட்டைகளைப் படித்திருக்கிறான்.

"வேண்டாம், புதுசாலையே சுடுறன்" என்றேன். இத்தாலிப் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

"பழக்கச் சூடு ஒரு அஞ்சு பாருங்கோ. பிடிக்காட்டி விடுங்கோ."

இசபெல்லும் வந்து பக்கத்தில் நின்றார். வேறு வழியில்லாமல் எடுத்தேன். கைபிடி என் உள்ளங்கைக்குள் தானாகப் போய் இருந்தது. இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த என் கை அதற்குள் கிடந்தது. முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. பின்பலகையில் டொக் என்றது. இரண்டாவது மற்றப் பக்கப் பலகையில். மூன்றாவதுக்கு நான் பிஸ்டலைத் தூக்கும்போதே குறித்தகடு ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது.

தவராசா அதை என் கையில் இருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் திருகைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் வெளிறியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

"புரி போட்டுது" என்றான். "நான் இறுக்கேக்கை உடைச்சிருக்கிறன். உடைஞ்சதுகூடத் தெரியாமல் துவாயிலை சுத்திப் பூசையிலை வைச்சிருக்கிறன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இசபெல் என்னைப் பார்த்தார். என் வாயில் வந்தது, "பரவாயில்லை தவராசா, எல்லாருக்கும் பிழை வாறதுதானே."

பரவாயில்லையாம். நான் அவனை மன்னித்தேன். மூத்த சகலன் அல்லவா.

அவன் இசபெல்லிடம் போய் ஏதோ சொன்னான். ஜெர்மனியில் அவன் இருந்த சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். பழுதான பிஸ்டலை இன்னொருவர் கையில் சுடக் கொடுத்தவன் அன்றைக்குச் சுடக்கூடாது. இசபெல் இங்கே அப்படி ஒரு விதியும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். அவன் கேட்கவில்லை. தன் பிஸ்டலைத் திரும்பப் பைக்குள் வைத்து, பின்வரிசைக் கதிரையில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தான். அவனுக்கு மூன்றாவது அட்டை இல்லை.

நான் இத்தாலிப் பிஸ்டலால் முப்பது குண்டும் சுட்டேன். இருநூற்று நாற்பத்தொன்று. என் வாழ்நாளில் அதைவிடக் கேடாகச் சுட்டதில்லை. நாலாவது இடம் எனக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டியவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை மனதுக்குள் சந்தோசப்பட்டது. தவராசாவும் பிழை விடுவான் என்று நாலு பேர் கண்டுவிட்டார்கள். நகுலேஸ்வரிக்கு நானே சொன்னேன். "உம்மடை தங்கச்சி புருசன் என்ரை பிஸ்டலை உடைச்சுப்போட்டான்" என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு அவன் கழகத்துக்கு வரவில்லை. தன் பிஸ்டலைப் புதிதாகச் சேருகிறவர்கள் பழகட்டும் என்று இசபெல்லிடம் கொடுத்துவிட்டான். இதையும் முதலில் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு மற்றக் கதைகள் வரத் தொடங்கின. முன்பெல்லாம் ஷட்டரைப் பூட்டிவிட்டு ஒருதரம் இழுத்துப் பார்ப்பான், அவ்வளவுதான். இப்போது பத்துத் தரம் ஏற்றி இறக்குகிறானாம். கடைக்காரர்கள் போதும் அண்ணை என்று சொல்லவேண்டியிருக்கிறதாம். ஒரு கோயிலில் தேர்க் கொட்டிலுக்குப் பெரிய ஷட்டர் போடக் கூப்பிட்டார்கள். அவன் வருடக்கணக்காக ஆசைப்பட்டிருந்த வேலை அது. தன் கையில் இப்போது நம்பிக்கை இல்லை, யாருடைய தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லி மறுத்துவிட்டான்.

போன மாதம் குமுதா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், இவர் வீட்டுக் கதவைப் பூட்டினாலும் மூண்டு தரம் திரும்பிப் போய்ப் பாக்கிறார். கையை விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறார். அறுபது வயசாகுது, வேலையை விடப்போறன் எண்டுறார். நீங்கள் சொன்னால் கேப்பார். உங்களிலை அவருக்கு அவ்வளவு மரியாதை."

இரண்டு வருடமாக நான் அந்த நாலாவது இடத்தில் இருந்து சுடுகிறேன். ஒருநாளும் அந்த இரண்டு விநாடி திரும்ப வரவில்லை. மூச்சை நிறுத்தினால் குக்கர் விசில்தான் கேட்கிறது. அவனோ நான் செய்த பிழையைத் தன்னுடையதாக எடுத்து, ஒருவரையும் நோகாமல், தானே சுமந்துகொண்டு திரிகிறான். கஷ்டப்படுவதிலும் என்னை முந்திவிட்டான். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

ஆகவே இதை எழுதுகிறேன். நேரில் போய்ச் சொல்ல மூன்று தரம் அவன் வீட்டு வாசல் வரை போனேன். கதவைத் திறந்ததும் "வாங்கோ அண்ணை" என்று அவன் சிரிக்கிற சிரிப்பில் நான் திரும்பவும் பெரிய மனுசனாகிவிடுகிறேன். பெரிய மனுசனாக நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது. மலர் என்றால் மண்டபத்தில் எல்லோர் கையிலும் இருக்கும். பிறகு மழுப்ப முடியாது. நகுலேஸ்வரிக்கும் இன்னும் சொல்லவில்லை. அவளும் இதில்தான் வாசிப்பாள்.

தவராசா, அந்தத் திருகை உடைத்தது நான். விசயதசமி காலை, தீபம் காட்ட முதல், உன்னுடைய பிஸ்டல் என்று நினைத்து உடைத்தேன். நீ சரியாகத்தான் இறுக்கியிருந்தாய். முதலில் அதைத் திருப்ப எனக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று என் விரலுக்குத் தெரியும். உன் கையில் ஒரு பிழையும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கோயிலுக்குப் போய் அந்த ஷட்டரைப் போடு.

நாலாவது இடத்தை விட்டுவிட்டேன் என்று இசபெல்லுக்கு நேற்றுக் கடிதம் போட்டேன், காரணத்தோடு. உன் பிஸ்டல் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. என் பழையது நீ போட்ட நாலரைக் குழலோடு, ஆடுகிற தகட்டோடு, அதே துவாயில் கிடக்கிறது. வேறு யாரிடமும் திருத்தக் கொடுக்கமாட்டேன். மனம் வந்தால் வந்து எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் அது அப்படியே கிடக்கட்டும்.

புவனேசன், இதில் ஒரு வரியும் வெட்டவேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது என்றால் என் படத்துக்கு விட்ட இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் படத்தைப் பெரிதாகப் போடுங்கள், தலைமயிர் முழுக்கத் தெரியக்கூடியதாக.

இராசரத்தினம்
மூத்த சகலன்